விலை குறைந்த பிரேக் பேட் கேட்ட முரளிக்கு

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் போடாததற்குக் காரணம் சொன்னால் நீ நம்பமாட்டாய், அதனால் சொல்லவில்லை. வீட்டில் எல்லோரும் நலம். பெரியவர் அந்த வண்டியை "அடுத்த மாசம் கண்டிப்பா வித்துடுவேன்" என்று இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

காரைப் பந்தயத் தடத்தில், அதாவது டிராக்கில், ஓட்டிய கதையை, "கடைசி சுற்றுல பிரேக் பெடல் தரை வரைக்கும் போயிடுச்சு, நாலு தடவ மிதிச்சதும் கொஞ்சம் பிடிச்சுது, சரளையில இறங்கி நின்னேன், செம காமெடி" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே "ரொம்ப நாள் வர்ற, விலை கம்மியான பேட் எதுன்னு சொல்லு" என்று கேட்கிறாய். காமெடியாடா அது? நேர்ப்பாதையின் முடிவில் பெடலுக்கு அடியில் ஒன்றுமே இல்லாமல் போவது சிரிக்கிற விஷயமா? அதோடு நீ கேட்ட கேள்விக்கும் நடந்ததற்கும் பாதிதான் சம்பந்தம். பேட், அதாவது சக்கரத்தோடு சுழல்கிற டிஸ்கை அழுத்திப் பிடிக்கிற உராய்வுப் பட்டை, சூடு தாங்காமல் போனால் பெடல் கல் மாதிரி கெட்டியாகவே இருக்கும், எவ்வளவு அழுத்தினாலும் வண்டி மட்டும் நிற்காது. பெடல் மெத்தென்று உள்ளே போனால் பெரும்பாலும் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது என்று அர்த்தம். கொதித்த ஆயிலில் ஆவிக் குமிழிகள் வந்துவிடும், உன் கால் கொடுக்கிற அழுத்தமெல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும், பேடை டிஸ்கோடு அழுத்துகிற கவ்வியான காலிப்பருக்கு ஒன்றும் போய்ச் சேராது.

அந்த ஆயிலை எப்போது மாற்றினாய்? வாங்கியதிலிருந்து மாற்றியிருக்கமாட்டாய், உன்னைத் தெரியாதா எனக்கு. டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நூற்றுக்கு நாலு பங்கு அளவுக்குத் தண்ணீர் கலந்துவிட்டால் அதே ஆயில் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம், அதையும் விதியே ஏற்றுக்கொள்கிறது. பந்தயத்துக்கென்று விற்கிற ஆயில் புதிதில் 300 டிகிரியைத் தாண்டும், ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டும். எந்த பேடை வாங்கினாலும் முதல் செலவு இதுதான். அப்புறம், டப்பாவில் வெறுமனே டாட் 5 என்று இருந்தால் தொடாதே, அது சிலிக்கான் வகை, உன் வண்டியில் இருப்பதோடு சேராது. 5.1 என்பது வேறு, அது பரவாயில்லை.

இப்போது பேட். மணிக்கு 180 கிலோமீட்டரில் வந்து 80க்கு இறங்குகிறாய் இல்லையா, 60ல் வந்து சிக்னலில் நிற்பதைவிட ஏழு மடங்குக்கு மேல் வெப்பம் அதில் கிளம்புகிறது, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்த கணக்கு அது. அதையே ஒவ்வொரு சுற்றிலும் சில தடவை செய்கிறாய், இடையில் ஆற நேரமே கிடையாது. சாதாரண சாலை பேடில் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கிற பிசின் முந்நூறு, நானூறு டிகிரியிலேயே சிதையத் தொடங்கும். அதற்கு மேல் போனால் பேட் தேய்வதில்லை, உதிர்கிறது. உன்னுடையது ஒரே நாளில் காணாமல் போனதற்கு அதுதான் காரணம், "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்று புலம்பாதே. அவன் அதைச் சாலைக்குத்தான் செய்தான்.

அதனால் "விலை குறைந்த பேட்" என்று தேடுவதை விட்டுவிட்டு, உன் டிஸ்க் உண்மையில் எவ்வளவு சூடாகிறது என்று முதலில் பார். டிஸ்கின் விளிம்பில் பூசுகிற வெப்பப் பெயின்ட் கிடைக்கிறது, பச்சை 430ல் நிறம் மாறும், ஆரஞ்சு 560ல், சிவப்பு 610ல். மூன்றையும் ஒரு கோடு போட்டு ஒரு நாள் ஓட்டிவிட்டு வந்தால், யாரிடமும் யோசனை கேட்க வேண்டியதில்லை. பச்சை மட்டும் மாறியிருந்தால் ஃபெரோடோ டிஎஸ்2500 மாதிரி சாலைக்கும் டிராக்குக்கும் ஆகிற பேட் உனக்குப் போதலாம். சிவப்பும் மாறியிருந்தால் அந்த வகையெல்லாம் உனக்குப் பணத்தைக் கரைக்கிற வழி. நேராக டிராக்குக்கென்றே செய்த பேடுக்குப் போய்விடு. பாகிட் ஆர்எஸ்29 நீண்டநேரப் பந்தயங்களுக்கென்றே செய்தது, வாங்கும்போது கை நடுங்கும், ஆனால் மெதுவாகத் தேயும், டிஸ்கையும் அதிகம் தின்னாது.

டிஸ்க் என்று சொன்னேனே, உன் கணக்கில் அதுதான் விட்டுப்போகிறது. மலிவான முரட்டு பேட் ஒன்று டிஸ்கை அரைத்துத் தள்ளினால் அது மலிவா? பேட் விலையையும் டிஸ்க் விலையையும் சேர்த்து, டிராக்கில் ஓடிய மணிநேரத்தால் வகுத்துப் பார். இதில் தலைகீழான சங்கதி ஒன்றும் உண்டு: டிராக் பேடைச் சாலையில் ஓட்டினால் அது சூடேறவே சூடேறாது, ஆறிய நிலையில் டிஸ்கைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். ஆகவே டிராக்குக்குப் போய்ச் சேர்ந்ததும் மாட்டு, கிளம்பும் முன் கழற்று. சோம்பேறித்தனமாக இருந்தால் பரவாயில்லை, டிஸ்குக்கும் சேர்த்துக் காசு எடுத்து வை.

பேடின் ஓரத்தில் எஃப்எஃப், ஜிஜி என்று எழுத்து இருக்கிறது, ஜி பெரியது, அதையே வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். அது உராய்வு எண். முதல் எழுத்து சாதாரண நிலைக்கு, இரண்டாவது அதிகம் சூடான நிலைக்கு. எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. ஆனால் அந்தச் சோதனையின் உச்ச வெப்பமே 350 டிகிரிக்குள்தான். நீ இருக்கிற இடம் அதற்கு மேலே. எவ்வளவு நாள் உழைக்கும் என்பதைப் பற்றி அந்த எழுத்து ஒரு வார்த்தை சொல்லாது.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் நின்று படி. பேட் தேயத் தேய, காலிப்பரில் பேடைத் தள்ளுகிற பிஸ்டனுக்கும் டிஸ்குக்கும் நடுவே இருக்கிற வெப்பத் தடுப்பும் மெலிகிறது, சூடு நேராக ஆயிலுக்குப் போகிறது. பாதி தேய்ந்த பேடில் "இன்னும் ஒரு நாள் ஓடும்" என்று நீ மிச்சம் பிடித்த காசுதான் உன்னைச் சரளையில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். பழைய ஆயிலும் மெலிந்த பேடும் சேர்ந்தால் வேறென்ன நடக்கும்? பாதிக்கு வந்ததும் டிராக்குக்கு எடுத்துப் போகாதே. "ரொம்ப நாள் வர்ற பேட்" என்று நீ கணக்குப் போடும்போது மேல் பாதியை மட்டும் கணக்கில் வை.

புது பேட் மாட்டியதும் பழக்காமல் முதல் சுற்றிலேயே உயிரைக் கொடுத்து மிதிக்காதே. தயாரித்தவன் என்ன முறை சொல்லியிருக்கிறானோ அதன்படி படிப்படியாகச் சூடேற்றி, முழுதாக ஆறவிடு. பேடிலிருந்து ஒரு மெல்லிய படலம் டிஸ்கில் சீராக ஒட்ட வேண்டும். சீராக ஒட்டாவிட்டால் ஸ்டீயரிங் உதறும், உடனே நீ டிஸ்க் வளைந்துவிட்டது என்று புதுசு வாங்கப் போவாய். அதேபோல் சூடாக வந்து நிற்கும்போது பெடலை அழுத்திக்கொண்டு நிற்காதே, ஹேண்ட் பிரேக்கையும் இழுக்காதே, கியரில் விட்டுவிடு. கடைசிச் சுற்று முழுக்க பிரேக்கே தொடாத மாதிரி ஓட்டு.

உன் காலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. வளைவுக்கு வெகுதூரம் முன்பே மெதுவாகத் தேய்க்க ஆரம்பிப்பது உன் பழக்கம். கல்லூரிக் காலத்து அந்த ஸ்கூட்டரிலேயே அப்படித்தான். பலமாக மிதித்து, சீக்கிரம் விட்டுவிட்டால் டிஸ்குக்கு அடுத்த வளைவு வரை ஆற நேரம் கிடைக்கும். வண்டி வழுக்கும்போது தானாகச் சரிசெய்கிற அந்த மின்னணு வசதி அணைந்திருக்கிறதா எரிகிறதா என்றும் எழுது. அது ஒவ்வொரு சக்கரமாக பிரேக் போட்டுத்தான் வண்டியை நேராக்குகிறது, பின்சக்கர பேட் சீக்கிரம் போவதற்கு அது காரணமாக இருக்கலாம். அதற்காக அணைத்துவிட்டு ஓட்டு என்று சொல்லவில்லை, தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

பழைய பேடைத் தூக்கிப் போடாதே. எந்தச் சக்கரம், உள்பக்கமா வெளிப்பக்கமா என்று எழுதி வைத்து எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பு. ஒரு முனை சாய்வாகத் தேய்ந்திருந்தாலோ உள்பக்கமும் வெளிப்பக்கமும் ரொம்ப வித்தியாசப்பட்டாலோ காலிப்பர் வழுக்கி நகர உதவுகிற உலோக ஊசி இறுகியிருக்கலாம், அப்படியானால் அதைச் சுத்தம் செய்து கிரீஸ் போடாமல் எந்த பேடை வாங்கினாலும் அரைகுறையாகத்தான் உழைக்கும். டிஸ்கில் பொறித்திருக்கிற குறைந்தபட்சத் தடிமனையும் பார்த்துவிடு.

ஆயில் மாற்றிய ரசீது எனக்கு வரும்வரை அடுத்த டிராக் நாளுக்குப் பெயர் கொடுக்காதே. கொடுத்தாய் என்று தெரிந்தால் அந்தச் சரளைக் கதையை உன் மனைவியிடம் முழுதாகச் சொல்லிவிடுவேன். பெரியவருக்கும் சொல்வேன், அவர் என்ன பேசுவார் என்று உனக்கே தெரியும்.

அன்புடன்,
சேகர்