அந்தத் தம்பியின் பெயரைத் திரும்பப் பட்டியலில் எழுதுங்கள்

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர் ஐயரவர்களுக்கும், சேகரக் கமிட்டி அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

இதை உங்களிடம் தனியாகவே சொல்லியிருக்கலாம். ஆனால் நம் சேகரத்துச் சபைகளில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை என்பதால் எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

போன மாதம் ஆராதனையில் கீபோர்டு வாசித்த தம்பி காணிக்கைப் பாட்டைத் தப்பான சுருதியில் எடுத்துவிட்டான். பெண்கள் பக்கம் ஒரு சுருதி, ஆண்கள் பக்கம் ஒரு சுருதி, இரண்டாவது சரணத்தோடு பாட்டு நின்றுபோனது. நடந்தது அவ்வளவுதான். ஆனால் வெளியே செருப்பு போடுகிற இடத்தில் மூன்று பெரியவர்கள், ஒருவர் பின் ஒருவராக, "பழகாம ஏம்ல வந்து உக்காருத" என்று கேட்டார்கள். அடுத்த ஞாயிறு கீபோர்டு வாசிப்பவர்கள் பட்டியலில் அவன் பெயர் இல்லை. இப்போது பிரசங்கம் ஆரம்பிக்கிற வரைக்கும் பைக் நிறுத்துகிற வேப்பமரத்தடியில் நிற்கிறான். பாலர் வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த பிள்ளை அவன். போய்க் கேட்டேன். "திரும்பவும் தப்பாப் போயிட்டா என்ன டீச்சர் செய்ய?" என்றான்.

இந்தக் கேள்வியை எனக்கு நன்றாகத் தெரியும். பத்தாம் வகுப்பு படிக்கும்போது வாலிபர் ஞாயிறுக்கு எனக்கு வேதாகமத்தில் தானியேல் மூன்றாம் அதிகாரத்தை வாசிக்கக் கொடுத்தார்கள். வாசித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எக்காளம், நாகசுரம், கின்னரம், வீணை என்று அதே வரிசை அதில் திரும்பத் திரும்ப வரும். ஒரு வசனத்தில் இருந்த கண் அதே மாதிரி இருக்கிற இன்னொரு வசனத்துக்குத் தாவிவிட்டது. வாசித்ததையே மறுபடி வாசிக்கிறேன் என்று பாதியில்தான் தெரிந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் அதில் வருகிற மூன்று பெயர்களில் சாத்ராக், மேஷாக் வரைக்கும் வந்தது, ஆபேத்நேகோ வாயிலேயே வரவில்லை. மைக்கில் என் மூச்சு மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் யாரும் என்னை வாசிக்கக் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. கோவிலில் பொது விருந்து வைக்கிற அசனப் பண்டிகை வந்தால் காய் நறுக்கப் போய்விடுவேன். காய் நறுக்குவதும் ஊழியம்தான், ஆனால் நான் போனது ஒளிந்துகொள்ளத்தான்.

இயேசு சொன்ன உவமையில், எஜமான் கொடுத்த தாலந்துப் பணத்தை மண்ணில் புதைத்தவனை நாம் எப்போதும் சோம்பேறி என்றே பிரசங்கிக்கிறோம். எஜமானே அப்படிச் சொல்கிறார், சரி. ஆனால் அவன் தன் வாயால் சொன்ன காரணம் பயம். எஜமான் கடினமுள்ள மனுஷன் என்று நினைத்துப் பயந்தேன் என்கிறான். நம் பிள்ளைகள் ஆண்டவரை எப்படிப்பட்டவர் என்று எங்கிருந்து தெரிந்துகொள்கிறார்கள்? பெரும்பாலும் வாசலில் நிற்கிற நம் முகத்தைப் பார்த்துத்தான்.

பயப்படாதே, விசுவாசி, ஜெபம் பண்ணு என்று அவனிடம் சொல்வது சுலபம். அவன் ஜெபிக்காமல் இல்லை. அவன் பயப்படுவது தப்பு செய்வதற்கு அல்ல, தப்பு செய்த பிறகு நாம் நடத்துகிற விதத்துக்கு. அதை அவன் ஜெபம் மாற்றாது, நாம்தான் மாற்ற வேண்டும்.

அப்போஸ்தலர்களான பவுலும் பர்னபாவும் ஊழியப் பயணத்தில் உதவிக்குக் கூட்டிப்போன யோவான் மாற்கு, பம்பிலியாவில் பாதியிலேயே பவுலை விட்டு எருசலேமுக்குத் திரும்பிப் போனவன். அடுத்த பயணத்துக்கு அவன் வேண்டவே வேண்டாம் என்று பவுல் பிடிவாதமாக நின்றார். அந்தச் சண்டையில் பர்னபாவும் பவுலும் பிரிந்தே போனார்கள். பர்னபா என்ன செய்தார்? பெரிய புத்திமதி சொன்னதாக எங்கும் எழுதியில்லை. மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புரு தீவுக்குக் கப்பல் ஏறினார், அவ்வளவுதான். பல வருடம் கழித்து அதே பவுல், அவன் ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன், கூட்டிக்கொண்டு வா என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். நடுவில் ஒரு பர்னபா இல்லாவிட்டால் அந்த வரி ஏது?

அவ்வளவு தூரம் போகவேண்டாம், நம் பக்கத்து டோனாவூரையே பாருங்கள். அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை எடுத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1893இல் ஊழியத்துக்குப் போனது ஜப்பானுக்கு. சுமார் பதினைந்து மாதத்தில் உடம்பு முடியாமல் கிளம்பவேண்டியதாயிற்று. அதற்கு முன்பே சீனா போக உடல்நிலை காரணமாக அனுமதி கிடைக்கவில்லை. அதோடு அவரை வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தால்? 1895இல் இந்தியா வந்தார், 1951இல் இறக்கும்வரை ஊர் திரும்பவே இல்லை. எத்தனை பிள்ளைகளுக்கு அம்மாவாக இருந்தார் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

எனக்கும் ஒரு பர்னபா கிடைத்தார். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒரு பெரியம்மா. வேதாகமத்தை என் கையில் தந்து, "நீ வாசி, எங்க நிக்குதோ அங்கருந்து நான் வாசிக்கேன்" என்று பக்கத்திலேயே நின்றார்கள். வரிக்கு வரி அவர்கள் விரல் நகர்ந்துகொண்டே வந்தது, தைலம் மணக்கிற, நகம் கறுத்த விரல். ஒரு இடத்தில் நின்றேன். அவர்கள் அந்த வசனத்தை வாசித்துவிட்டு அடுத்த வசனத்தில் விரலை வைத்தார்கள். நான் தொடர்ந்தேன். யாரும் சிரிக்கவில்லை. இப்போது ஒன்பது வருடமாக ஞாயிறு பள்ளி நடத்துகிறேன், இன்னும் சில பெயர்களில் தடுக்கும்.

ஆராதனை ஒழுங்காக நடக்கவேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் நடக்கவேண்டும், ஆயத்தமில்லாமல் வருவது சரி என்று நான் சொல்லமாட்டேன். அதனால்தான் கேட்கிறேன். தப்பு செய்தவரின் பெயரை எடுக்காதீர்கள். ஒரு மாதத்துக்குள் திரும்பக் கூப்பிடுங்கள், பக்கத்தில் ஒரு மூத்தவரை உட்காரவையுங்கள். வாசலில் வைத்துக் கண்டிக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். சொல்லவேண்டியதை ஒருவர் மட்டும், இரண்டு நாள் கழித்து, அவன் வீட்டுக்குப் போய்ச் சொல்லட்டும்.

முதலில் அந்தத் தம்பி. சனிக்கிழமை சாயங்காலம் கோவில் சாவியை என்னிடம் கொடுங்கள், அவனோடு நான் உட்காருகிறேன். ஆனால் அவன் வீட்டுக்கு நான் போய்க் கூப்பிட்டால் போதாது. அன்றைக்கு வாசலில் பேசிய மூவரில் யாராவது ஒருவர் போகவேண்டும்.

இப்படிக்கு,
ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருத்தி