செட்டிநாட்டு விடுதி உரிமையாளர்களுக்கு: எங்கள் எட்டு மணி நேரத்தை உடைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய விடுதி உரிமையாளர்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

கார்த்திகை முதல் தேதியிலிருந்து சமையற்கட்டு, பரிமாறுதல், அறை சுத்தம் எல்லாவற்றிலும் பெண்களுக்கும் பிரேக் ஷிஃப்ட்தான், அதாவது ஒரு நாள் வேலையைக் காலையும் மாலையுமாக இரண்டாக உடைத்துத்தான் என்று நோட்டீஸ் ஒட்டியாயிற்று. அதற்கு முன்னால் எங்களுக்கு எட்டு மணி நேரமும் ஒரே தொடர்ச்சியாக இருந்தது; விருந்தாளிகள் வெளியே போய்விடும் பகல் நேரத்துக்குச் சம்பளம் எதற்கு என்றுதான் இப்போது மாற்றியிருக்கிறீர்கள். நான் எந்த விடுதியில் வேலை பார்க்கிறேன் என்று இங்கே சொல்லப் போவதில்லை. பக்கத்து ஊர்களில் வேலை பார்க்கும் பெண்களிடம் கேட்டால் அங்கும் இதே பேச்சுத்தான். அதனால் ஒருவருக்கு எழுதாமல் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலிலேயே கோரிக்கையைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் உள்ள பெண்களுக்குப் பிரேக் ஷிஃப்ட் வேண்டாம். எட்டு மணி நேரத்தை உடைக்காமல் ஒரே தொடர்ச்சியாகக் கொடுங்கள். காலை 6 முதல் 2 என்றாலும் சரி, 7 முதல் 3 என்றாலும் சரி. சம்பளத்தைக் கூட்டச் சொல்லவில்லை, நேரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. அதே எட்டு மணி நேரம்தான், உடைக்காமல்.

புது ரோஸ்டர்படி காலை 6 மணியிலிருந்து 10.30 வரை வேலை. அப்புறம் மாலை 6 மணிக்குத் திரும்பி வந்து 9.30 வரை. கூட்டிப் பார்த்தால் கச்சிதமாக எட்டு மணி நேரம் வருகிறது. நடுவில் உள்ள ஏழரை மணி நேரம் எங்களுக்கு ஓய்வாம். "மத்தியானம் பூரா வீட்டுலதானே இருக்கீங்க, இதுக்கு மேல என்ன வேணும்?" என்று சூப்பர்வைசர் கேட்டார். நல்ல கேள்வி. வீட்டில்தான் இருக்கிறேன். பிள்ளைகள்தான் இருப்பதில்லை.

என் பையன் ஆறாவது, பெண் மூன்றாவது படிக்கிறார்கள். காலை ஐந்தேகாலுக்கு நான் கிளம்பும்போது இரண்டு பேரும் தூக்கத்தில் இருப்பார்கள். எழுப்பி, குளிக்க வைத்து அனுப்புவது அவர்களுடைய அப்பத்தா. முட்டி வலியோடு அந்த மனுஷியால் தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியாது, பெண்ணுக்குச் சடை பின்னவும் வராது. எதிர் வீட்டு அக்காதான் பின்னிவிடுகிறார். நான் வேலை முடித்து, பஸ்ஸுக்கு நின்று, வீடு வந்து சேரும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிடும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். துவைத்து, கூட்டி, ராத்திரிக்கும் சேர்த்துச் சமைத்து வைப்பேன். நாலரைக்கு அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது நான் தலை வாரிக்கொண்டிருப்பேன், ஐந்தேகால் டவுன் பஸ்ஸைப் பிடிக்க. ராத்திரி வேனில் வந்து இறங்கினால் பத்தேகால். மறுபடியும் தூக்கம்.

இந்த முக்கால் மணி நேரத்தில் ஒரு பிள்ளை என்னதான் சொல்லிவிட முடியும்? வந்ததும் பசி, சண்டை, பென்சில் பாக்ஸ் காணோம். சொல்ல வேண்டியதெல்லாம் என் பெண்ணுக்கு ஏழு மணிக்கு மேல்தான் ஞாபகம் வரும். அதனால் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதி அடுப்பங்கரையில் வைத்துவிட்டுப் படுத்துவிடுகிறாள். "அம்மா நாளைக்கு சார்ட் வேணும், பச்சை கலர்." ராத்திரி பத்தரைக்கு எங்கள் ஊரில் எந்தக் கடையில் சார்ட் பேப்பர் விற்கிறார்கள்? "அம்மா டீச்சர் கையெழுத்து கேட்டாங்க." தூங்குகிறவள் பையைத் திறந்து நோட்டைத் தேடி, எந்தப் பக்கம் என்று தெரியாமல் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டு வைத்தேன். "அம்மா காது வலிக்குது." அந்தத் தாளை நான் பார்த்தபோது அவள் அழுது ஓய்ந்து தூங்கியிருந்தாள். அப்பத்தா வெங்காயத்தை வதக்கித் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்ததாகச் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு மறுநாள் பகலில்தான் அழைத்துப் போனேன். அன்றைக்கு அவளுக்குப் பள்ளிக்கூடம் போயிற்று. என் டூட்டிக்குப் பங்கம் வரவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் புது ரோஸ்டரில் மாலை ஐந்து மணி முறை வருகிற நாட்களும் உண்டு. வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு அம்மியில் மசாலா அரைத்துக் காட்டும் வகுப்பு அது. அன்றைக்கு அந்த முக்கால் மணி நேரமும் கிடையாது. இரண்டாங்கட்டில் பாய் விரித்து, கண்டாங்கி கட்டிக்கொண்டு, கல்பாசியும் அன்னாசிப்பூவும் கொழம்பில் என்ன செய்யும் என்று நான் சொல்ல, ஒரு தம்பி ஆங்கிலத்தில் சொல்வார். "செட்டிநாட்டுக் குடும்பத்தின் அன்றாட வாழ்க்கையை அனுபவியுங்கள்" என்றுதான் அந்த வகுப்புக்கு நீங்கள் விளம்பரம் செய்கிறீர்கள். செட்டிநாட்டுக் குடும்பம் ஒன்றின் அன்றாட வாழ்க்கை அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் அப்பத்தாவிடம் அடம் பிடித்துக்கொண்டிருக்கும். அதைப் பார்க்க யாருக்கும் டிக்கெட் தேவையில்லை.

காலையில் வெள்ளைப் பணியாரம், கும்மாயம், கவுனி அரிசி என்று மேசை நிறைய வைக்கிறோம். என் பெண் பள்ளிக்கூடத்தில் உப்புமாவும் கிச்சடியும் சாப்பிடுகிறாள். குறையாகச் சொல்லவில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த வருஷம் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது எங்களைப் போன்ற வீடுகளுக்குப் பெரிய உபகாரம். அது இல்லையென்றால் அவள் வெறும் வயிற்றோடுதான் வகுப்பில் உட்கார்ந்திருப்பாள். ஆனால் அது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாவதுக்குப் போன பையனுக்குப் பசிக்காது என்று யார் முடிவு செய்தார்களோ!

சட்டம் பேச வரவில்லை. ஆனாலும் நீங்கள் பேசுகிறீர்களே, அதனால் சொல்கிறேன். உணவகத் தொழிலாளர்களுக்கென்று 1958இலேயே தனிச் சட்டம் போட்ட மாநிலம் இது. தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் மே முதல் தேதியே அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். பன்னிரண்டுக்கே ஊர் கொதித்தது. காலை 6 முதல் இரவு 9.30 வரை நீங்கள் எங்கள் நாளைப் பிடித்து வைத்துக்கொண்டு அதை எட்டு என்று எழுதுகிறீர்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தினார்கள். கேட்டால், "நம்மகிட்ட அம்பது பேர் எங்கம்மா இருக்காங்க?" என்கிறீர்கள். உண்மைதான். தோட்டக்காரர்கள் கான்ட்ராக்ட், வேன் ஓட்டுகிறவர்கள் கான்ட்ராக்ட், மதியச் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் நாள்கூலி. இப்படி எண்ணினால் எந்த ஊரிலும் அம்பது பேர் சேர மாட்டார்கள். அரசாங்கத்தில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு 2021 ஜூலையிலிருந்து மகப்பேறு விடுப்பு 12 மாதம். தனியாரில் சட்டப்படி 26 வாரம். எங்கள் சமையற்கட்டில் போன வருஷம் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு எத்தனை நாள் கிடைத்தது என்பதை உங்கள் வருகைப் பதிவேட்டையே பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கன்வாடியோ சாயங்காலத்துக்கு முன்பே மூடிவிடுகிறது. அரசாங்கத்தின் கணக்கில் எல்லா அம்மாக்களுக்கும் அதற்குள் வேலை முடிந்துவிடும் போலிருக்கிறது.

வீட்டு ஆம்பளை பார்த்துக்கொள்ளக் கூடாதா என்றும் ஒருவர் கேட்டார். 2024இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிஷமும் ஆண்கள் 88 நிமிஷமும் அதில் செலவிடுவதாக வந்தது. எங்கள் வீட்டு 88 நிமிஷம் சிங்கப்பூரில் இருக்கிறது. ஏஜென்ட்டுக்குக் கட்டிய கடன் தீரும்வரை அங்கேதான் இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் தொழிலின் கஷ்டம் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. காலைப் பலகாரத்துக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும்தான் தங்கியிருப்பவர்கள் இருப்பார்கள். பகலில் ஆத்தங்குடி தரைக்கல் செய்வதைப் பார்க்கவும் பிள்ளையார்பட்டிக்கும் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்கும் போய்விடுவார்கள். அந்த நேரத்துக்குச் சும்மா சம்பளம் கொடுப்பானேன் என்று நினைக்கிறீர்கள். ஆனால் பகலில் வேலையே இல்லையா? மதியம் இலைச் சாப்பாட்டுக்கு வெளியிலிருந்து கார் காராக வருகிறார்கள். எங்களைப் பத்தரைக்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அதற்கு நாள்கூலிக்கு வேறு ஆட்களைக் கூப்பிடுகிறீர்கள். அவர்களுக்கு எந்தப் பாத்திரம் எங்கே என்றே தெரியாது. அறைகளை விருந்தாளிகள் வெளியே போன பிறகுதானே சுத்தம் செய்ய முடியும்? பத்தரைக்குள் முடி என்றால், உள்ளே ஆள் இருக்கும்போதே கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. திட்டு வாங்குவது நாங்கள். மசாலா வறுத்து அரைப்பது, சீப்புச் சீடையும் மணகோலமும் சுட்டு டப்பாவில் அடைப்பது, வற்றல் காயப்போடுவது எல்லாமே பகல் வேலைகள். வெயிலை நீங்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு ரோஸ்டர் போட்டு வரவழைக்க முடியாது.

காலை 6 முதல் 2 வரை ஒரு செட், 2 முதல் 10 வரை ஒரு செட் என்று பிரித்தால் மதியச் சாப்பாடு முதல் செட்டின் கையிலேயே முடிந்துவிடும். நாள்கூலிச் செலவு மிச்சம். ராத்திரி செட்டுக்கு வர விருப்பமுள்ளவர்கள் இருக்கிறார்கள். கல்யாணமாகாத பிள்ளைகளும், பிள்ளைகள் பெரிதாகிவிட்ட அக்காமார்களும் எங்களிடமே சொல்லியிருக்கிறார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. எங்களையும் கேட்கவில்லை. "இஷ்டமில்லாதவங்க சொல்லிடலாம், ஆள் நிறைய இருக்காங்க" என்பது மட்டும் நோட்டீஸ் ஒட்டிய அன்றே சொல்லப்பட்டது. அதைக் கேட்டு இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். அதில் ஒருவருடைய கைப்பக்குவத்துக்காகவே வருஷா வருஷம் வருகிற விருந்தாளிகள் உண்டு. இப்போது அவர் வீட்டிலிருந்தபடி முறுக்குச் சுற்றிப் பலகாரக் கடைக்குக் கொடுக்கிறார், கிலோவுக்கு இவ்வளவு என்று. உங்களிடம் வாங்கியதைவிடக் குறைவுதான். ஆனால் பிள்ளை வரும்போது வீட்டில் இருக்கிறார்.

எங்கள் விடுதியில் பழைய சம்பளச் சீட்டு ஒன்றைக் கண்ணாடி போட்டு வளவு முற்றத்தில் மாட்டியிருக்கிறார்கள். விருந்தாளிகளுக்கு அதைக் காட்டி விளக்கம் சொல்வது எங்களுக்குப் பழக்கம். செட்டியார்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டு விற்க, அதாவது தொழில் நடத்த, ஆள் அனுப்பிய காலத்தில், மூன்று வருஷத் தவணை, இவ்வளவு சம்பளம் என்று பேசி, எழுதி, அதன் பிறகே கப்பலேற்றினார்கள். தவணை முடிந்தால் ஊருக்கு வந்து வீட்டோடு இருக்கலாம். கடல் கடந்து போனவர்களுக்கே எப்போது வீடு திரும்பலாம் என்று எழுதிக் கொடுத்த மரபு இது. அந்த மரபுக்காகத்தான் 2014இல் இந்தச் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியதாக நீங்கள் சொல்லிக்கொள்கிறீர்கள். தேக்குத் தூணும் ஆத்தங்குடித் தரையும் மட்டும்தான் மரபு என்றால் சொல்லிவிடுங்கள், எங்களுக்கும் புரிந்துவிடும்.

திரும்பவும் கேட்கிறேன், பணிவாகவே கேட்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் உள்ள பெண்களுக்கு எட்டு மணி நேரத்தை உடைக்காமல் கொடுங்கள். ரோஸ்டரை ஒரு வாரம் முன்னதாக எழுத்தில் ஒட்டுங்கள். வார விடுமுறை மாதத்தில் ஒரு முறையாவது ஞாயிற்றுக்கிழமையில் வரட்டும். தை மாதக் கல்யாண நெருக்கடியில் இரண்டு மூன்று நாள் கூடுதலாக நிற்க வேண்டும் என்றால் நிற்கிறோம், இதுவரை நிற்காமல் இருந்ததில்லை. மார்கழி பிறப்பதற்குள் ஒரு பதில் சொன்னால் நல்லது.

நேரில் பேச வேண்டுமென்றால் தாராளமாகக் கூப்பிடுங்கள். பகல் பதினொன்றிலிருந்து நான்கு மணி வரை எங்களுக்கு வேலை எதுவும் இல்லை என்று நீங்களே எழுதி ஒட்டியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் எந்த நாள் என்றாலும் வருகிறோம்.

இப்படிக்கு,
செட்டிநாட்டு விடுதி ஒன்றின் சமையற்கட்டில் வேலை பார்ப்பவள்