மெக்சிகோ சிட்டியிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. உடனே பதில் போடாதது என் தப்புதான். வேலை அதிகம், வேறொன்றுமில்லை.

குளிர் பழகிவிட்டது. கீழ்வீட்டுப் பாட்டி ஒரு சோலோ நாய் வளர்க்கிறாள். உடம்பில் முடியே கிடையாது, தொட்டால் அப்படிச் சுடும். முட்டி வலித்தால் ஒத்தடத்துக்கு அதைத்தான் அணைத்துக்கொள்கிறாள். செத்தவர்களை ஆறு தாண்டிக் கூட்டிப்போவது இந்த நாய்தான் என்று இங்கே பழைய நம்பிக்கை. என்னைப் பார்த்தாலே வாலாட்டுகிறது. நல்லதா கெட்டதா தெரியவில்லை.

இந்த ஊரை அந்தக் காலத்தில் ஆண்ட அஸ்டெக் ஜனங்கள் இரும்பு உளி இல்லாமல் எப்படிச் சிலை கொத்தினார்கள் என்று கேட்டிருந்தீர்களே, கல்லாலேயே கல்லைக் கொத்தி, மணலும் தண்ணீரும் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். ஞாயிறுதோறும் மானுடவியல் மியூசியத்துக்குப் போகிறேன். (அன்று இங்கே குடியிருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. அதற்காகத்தான் போகிறேன் என்று அண்ணியிடம் சொல்லிவிடாதீர்கள்.) அஸ்டெக் மண்டபத்தில் கல்லில் ஒரு ஜாகுவார் இருக்கிறது, நம் சிறுத்தை மாதிரி மிருகம். முதுகில் உரல்குழி மாதிரி வட்டமாய்க் குடைந்திருக்கிறார்கள். பலி கொடுத்தவர்களின் இதயத்தைப் போடும் குழி. அந்தக் குழியின் அடியிலும் இரண்டு தெய்வங்களைச் செதுக்கியிருக்கிறார்கள், தங்கள் காதையே குத்தி ரத்தம் எடுக்கிறார்கள். இதயம் போட்டு மூடப்போகிற இடம்தானே என்று விட்டுவிடவில்லை. சிலையின் பின்பக்கத்தை ஒப்பேற்றினதற்குப் பெரியத்தானை நீங்கள் திட்டியது ஞாபகம் வந்தது.

மாயர்கள் என்று இங்கே இன்னொரு பழைய இனம், அவர்களுடைய சிச்சேன் இட்சா என்ற பாழடைந்த நகரத்தில் ஒரு மேடைச் சுவரில் கழுகும் ஜாகுவாரும் ஆளுக்கொரு இதயத்தை நகத்தில் பிடித்திருக்குமாம். படத்தில்தான் பார்த்தேன். அடுத்த வருஷம் போகலாம்.

எனக்குப் பிடித்தது டெம்ப்லோ மாயோர் என்ற அஸ்டெக் பெரிய கோயிலின் தவளைகள், இந்த ஊரிலேயே இருக்கிறது. மழைக் கடவுள் த்லாலோக் பக்கத்துச் சின்னப் பலிபீடத்தில் கல்லில் இரண்டு தவளை. தவளை கத்தினால் மழை என்பது இவர்களுக்கும் உண்டு. போன வாரம் அங்கே நிற்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. நம் கிணற்றடித் தவளைகள் இன்னும் கத்துகின்றனவா அப்பா? நனைந்துகொண்டே வெகுநேரம் நின்றேன். அன்று ராத்திரி சாப்பிடப் பிடிக்கவில்லை.

சரி. இந்த மாதப் பணம் பத்து நாள் தள்ளி வரும், பாங்கில் ஏதோ காகித வேலை. தங்கச்சி கல்யாணத்துக்குத் தேதி குறிக்குமுன் எனக்கு எழுதுங்கள், லீவு சொல்ல வேண்டும். இருமலுக்கு டாக்டரைப் பாருங்கள். மூக்கில் துணி கட்டாமல் மெஷினைத் தொடாதீர்கள். அப்புறம், சித்தப்பா பட்டறையில் பங்கு கேட்டால் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். நான் வந்து பேசுகிறேன்.

உங்கள்,
பெரியவன்