நிலவேம்பும் ஹீலாவும்

அன்புள்ள சுந்தர்,

உன் மாணவியின் வரைவைப் படித்தேன். நிலவேம்புச் சாற்றை உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுசெல்களில் சோதிப்பது நல்ல யோசனைதான். ஆனால் அடினாய்டு சிஸ்டிக் என்ற புற்றுவகைக்கு ‘ஏ.சி.சி.-2’ செல் என்று எழுதியிருக்கிறாளே, அங்கேதான் இடிக்கிறது. ஏ.சி.சி.-2, ஏ.சி.சி.-3, ஏ.சி.சி.-எம் மூன்றுமே கருப்பைவாய்ப் புற்றின் ஹீலா செல்கள் என்று 2009-லேயே மரபணுச் சோதனையில் அம்பலமாகிவிட்டது. உமிழ்நீர்ச் சுரப்பிச் செல் என்று புழங்கும் எச்.எஸ்.ஜி.யும் அதே கூத்துதான். ஏ-253 என்ற செல்லை வாங்கச் சொல். அது கீழ்த்தாடைச் சுரப்பியிலிருந்து எடுத்தது; ஆனால் எபிடெர்மாய்டு வகை, அடினாய்டு சிஸ்டிக் அல்ல. எனவே தலைப்பும் மாறணும். வகை அவ்வளவு முக்கியமா என்பாள். பாக்லிடாக்செலும் மரப்பட்டையிலிருந்து வந்த புற்றுமருந்துதானே? உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்று நோயாளிகளிடம் அதைச் சோதித்தபோது மியூகோஎபிடெர்மாய்டு, அடினோகார்சினோமா வகைகளில் சிலருக்குக் கட்டி சுருங்கியது. அடினாய்டு சிஸ்டிக்கில் ஒருவருக்கும் இல்லை.

எந்தச் செல் வந்தாலும் முதல் குப்பியிலேயே எஸ்.டி.ஆர். சோதனை (செல்லின் மரபணுக் கைரேகை) செய்துவிடட்டும்.

சாறெடுக்க: நிழலில் உலர்த்தி இடித்த இலை 10 கிராமுக்கு 70 சதவீத எத்தனால் 100 மில்லி, இரண்டு நாள் ஊறல், வடிகட்டி 40 டிகிரியில் வற்றவைக்கணும். தண்ணீர்க் கஷாயம் வேண்டாம், நிலவேம்பின் முக்கியப் பொருளான ஆண்ட்ரோகிராஃபோலைடு நீரில் சரியாக இறங்காது. காய்ந்த சாற்றை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் மில்லிக்கு 50 மில்லிகிராமாகக் கரைத்தால், உச்ச அளவான மில்லிக்கு 100 மைக்ரோகிராமில் டி.எம்.எஸ்.ஓ. 0.2 சதவீதம்தான். தட்டில் சாறு போடாத குழிகளிலும் அதே 0.2 இருக்கணும். செல் வளரும் ஊடகத்தில் விட்டதும் கலங்கினால் சாறு கரையவில்லை என்று அர்த்தம். அந்த அளவைக் கணக்கில் சேர்க்காதே.

பெரிய பொறி எம்.டி.டி.தான், உயிருள்ள செல்கள் ஊதாவாக்கும் மஞ்சள் சாயம். சாற்றிலுள்ள பாலிஃபீனால்கள் செல்லே இல்லாமல் அதை ஊதாவாக்கிவிடும். செத்த செல்களை உயிரோடிருப்பதாகக் கருவி காட்டும். ஒரு வரிசையில் செல் இல்லாமல் சாறு, ஊடகம், எம்.டி.டி. மட்டும் போடட்டும். ஊதா தட்டினால், எம்.டி.டி. சேர்க்குமுன் ஊடகத்தை உறிஞ்சி, பி.பி.எஸ். உப்புக் கரைசலால் இருமுறை கழுவணும். கழுவலில் பிடிவிட்ட செல்கள் போய்விடும் என்பதால் தனித் தட்டில் செத்த செல்களில் மட்டும் ஏறும் டிரிபன் புளூ சாயம் போட்ட எண்ணிக்கையும் வேண்டும், மிதப்பவற்றையும் சேர்த்து.

பாதி செல்களை அடக்கும் அளவு மில்லிக்கு 20 மைக்ரோகிராமுக்குள் வந்தால் மேலே போகலாம். 100-லும் பாதி சாகவில்லையா, விட்டுவிடு. 500 வரை ஏற்றினால் ரசப்பொடிகூடப் புற்றுமருந்தாகிவிடும்! சாதாரண வாய்த்திசுச் செல்களையும் அதே தட்டில் பக்கத்திலேயே வைக்கச் சொல்.

எஸ்.டி.ஆர். முடிவு வந்ததும் முதல் தட்டின் எண்களை அனுப்பு. முழங்கால் வலி இப்போது எப்படி?

அன்புடன்,
ராகவன்