எங்கள் பாட்டுக்குழுவைத் தாங்கியவர்களுக்கு

குழுவில் என்னோடு வாசித்தவர்களுக்கும், வாசிக்காமலேயே எங்களைத் தாங்கியவர்களுக்கும்,

வணக்கம். குழு பிரிந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. வேலை, குடும்பம் என்று ஆளுக்கொரு திசையில் போய்விட்டோம். பிரிந்த வேகத்தில் உட்கார்ந்து நன்றி சொல்ல யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை. கைதட்டல் எல்லாம் மேடையில் நின்ற எங்களுக்கே கிடைத்தது. அதில் பெரும்பங்கு யாருக்குச் சேரவேண்டும் என்பதை எல்லோரும் அறியச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில், கேபிள் சுற்றிய அண்ணனுக்கு. அண்ணா, உங்களுக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது, பாடவும் மாட்டீர்கள். ஆனால் ஒரு ரிகர்சலைக்கூட நீங்கள் விட்டதில்லை. எங்களுக்கு முன்பே வந்து கதவைத் திறந்து வைப்பீர்கள். கடைசி ஆளாக விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்புவீர்கள். கேபிளை முழங்கையில் சுற்றினால் உள்ளே கம்பி முறுக்கேறி நாளடைவில் அறுந்துபோகும், ஒரு வளையம் மேலாக, அடுத்தது கீழாக என்று மாற்றி மாற்றிச் சுற்றினால் உதறும்போது சிக்கில்லாமல் ஓடும் என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான். இன்றைக்கும் என் வீட்டு ஒயர்களை அப்படித்தான் சுற்றிவைக்கிறேன். உங்கள் தோள்பையில் 9 வோல்ட் பேட்டரி, மாற்றுத் தந்திகள், ஃபியூஸ், இன்சுலேஷன் டேப், டார்ச் எல்லாம் இருக்கும். ஒரு நிகழ்ச்சியில் சரணத்தின் நடுவே கிட்டாரின் மெல்லிய தந்தி பட்டென்று அறுந்தது. அடுத்த இடையிசை தொடங்குவதற்குள், சுருதி சேர்த்த இன்னொரு கிட்டாரோடு மேடையோரம் வந்து நின்றீர்கள். எதிரே இருந்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. அந்த மாலையில் வாசித்த பாட்டுகள்கூட எனக்கு மறந்துவிட்டன, நீங்கள் நின்ற இடம் மறக்கவில்லை.

ரிகர்சலுக்கு மாடி அறையைக் கொடுத்த அம்மாவுக்கும், பக்கத்து வீட்டு ஐயாவுக்கும் சேர்த்தே சொல்லவேண்டும். சுவரெல்லாம் தடித்த திரைச்சீலையும் பழைய மெத்தைகளும் கட்டினோம். அவை டிரம்ஸோடு இருக்கும் சிம்பல் தட்டுகளின் கூர்மையான ஒலியை விழுங்கிக்கொள்ளும். காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்மும், கனத்த ஒலி தரும் பேஸ் கிட்டாரும் எழுப்பும் அதிர்வு அதற்கெல்லாம் அடங்காது, சுவர் வழியாகவே அடுத்த வீட்டுக்குப் போய்விடும். ஐயா, அதைத் தாங்கிக்கொண்டு நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று, ஒன்பது மணிக்கு மேல் வேண்டாம் என்று. உங்கள் பேத்திக்குத் தேர்வு வந்தபோது எங்கள் டிரம்மர் கிக்கை விட்டுவிட்டு, ஸ்னேர் என்ற சின்ன டிரம்மை பிரஷ்ஷால் வருடி வாசித்தார். நாங்களும் ஒலியைக் குறைத்தோம். அப்போதுதான் அடுத்தவர் வாசிப்பது முழுசாகக் காதில் விழ ஆரம்பித்தது. அதற்குப் பிறகு எங்கள் வாசிப்பே மாறிவிட்டது. நல்ல காலம் என்றால் எனக்கு அந்த வாரங்கள்தான்.

எங்கள் பாடகி அக்கா, உங்களுக்குத் தொண்டை கட்டியிருந்த அந்த நிகழ்ச்சி ஞாபகம் இருக்கிறதா? முந்தின நாள் இரவு, "அந்த ஒரு பாட்டை மட்டும் அரைக் கட்டை இறக்கிக்கலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டீர்கள். அரைக் கட்டை என்றால் சுருதியில் ஒரு படி. எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை, கீபோர்டில் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தினால் முடிந்தது. கிட்டார் வாசிப்பவருக்கு அப்படியில்லை. தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கிளிப்பைப் போட்டால் சுருதி ஏறும், இறங்காது. மற்ற பாட்டுகள் பழைய சுருதியிலேயே இருந்ததால் தந்திகளைத் தளர்த்தி வைக்கவும் வழியில்லை. ஐந்து கட்டையிலிருந்து நாலரைக்கு வந்தால், திறந்த தந்தியில் சுலபமாக விழுந்த கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்கள்) எல்லாம் ஆள்காட்டி விரலால் அத்தனை தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் பார் கார்டுகளாகிவிடும். நண்பா, நீ ஒரு முகச்சுளிப்பு இல்லாமல் அந்த இரவே உட்கார்ந்து முழுப்பாட்டையும் மாற்றிப் பழகினாய். அதே நேரம் புல்லாங்குழல் அண்ணன் பேசாமல் பையைத் திறந்து நாலரைக் கட்டைக் குழலை எடுத்துக்கொண்டார். மூங்கிலில் போட்ட துளையை நகர்த்த முடியாதே! ஒவ்வொரு சுருதிக்கும் ஒரு குழல் வைத்திருப்பார். ஊத ஊதக் குழல் சூடாகிச் சுருதி மெல்ல ஏறும் என்பதால், முதலில் நன்றாக ஊதிச் சூடாக்கிக்கொண்டு, அப்புறம்தான் என்னைப் பார்த்துத் தலையசைப்பார். நான் கீபோர்டை வழக்கமான 440 ஹெர்ட்ஸ் சுருதியிலிருந்து துளி மேலே ஏற்றி அவரோடு சேர்ந்துகொள்வேன். மறுநாள் அக்கா பாடியதைக் கேட்டவர்கள் குரலைத்தான் பாராட்டினார்கள். குரலும் பாராட்டுக்கு உரியதுதான். அதற்குக் கீழே எத்தனை பேர் நகர்ந்து இடம் கொடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

பேஸ் வாசித்த தம்பிக்கு ஒரு வார்த்தை. உன் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறைதான் அதிரும். புதிதாகக் கேட்பவர்கள் அதைத் தனியாகக் கவனிப்பதில்லை. என் அப்பா ஒருமுறை, "இந்தப் பையன் என்னதான் வாசிக்கிறான்?" என்று கேட்டபோது நீ சிரித்துக்கொண்டே இரண்டு வரிக்குக் கையை எடுத்துக் காட்டினாய். பாட்டு தரையை விட்டு எழும்பிவிட்டது போல இருந்தது. அதற்குப் பிறகு அப்பா ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் உன் பக்கமாகத்தான் உட்கார்ந்தார்.

ஒலி அமைத்தவரே, மேடை பெரிதாகிவிட்ட நாளில் எங்களைக் காப்பாற்றியது நீங்கள். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர்தான் போகும். டிரம்ஸிலிருந்து 10 மீட்டர் தள்ளி நின்றால் அடி காதுக்கு வர 29 மில்லிநொடி ஆகிறது, அதைக் கேட்டு வாசித்தால் தாளம் இழுக்கத்தான் செய்யும் என்று விளக்கி, வாசிப்பவரை நோக்கி வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரை ஆளுக்கொன்றாக வைத்து அதில் டிரம்ஸைக் கொடுத்தீர்கள். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் பின்பக்க ஒலியையும் அது வாங்கிக்கொண்டு கூவும் என்று எங்கள் பாடகர்களுக்குச் சலிக்காமல் சொன்னீர்கள். நன்றி ஐயா.

டிரம்மரின் அக்கா ஒரு செவிலியர். காதடைப்பான் போடாதவரை ரிகர்சலைத் தொடங்க விடமாட்டார். 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும், 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான் என்று கணக்குப் போட்டு அறைக் கதவில் எழுதி ஒட்டினார். எங்களில் ஒருவருக்கும் இன்று காதில் இரைச்சல் இல்லை. அக்கா, இதற்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

வாடகை வண்டி பிடித்துத் தந்தவர்கள், பாட்டு வரிகளைப் பெரிய எழுத்தில் எழுதித் தந்தவர்கள், ஆளில்லாத அரங்கிலும் கடைசிவரை இருந்து கேட்டவர்கள், வீட்டில் ஒரே இடையிசையைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பொறுத்துக்கொண்டவர்கள், எல்லோருக்கும் என் வணக்கம்.

அப்புறம் ஒரு விஷயம். ரிகர்சலில் பதிவு செய்த கேசட்டுகளை எல்லாம் கணினிக்கு மாற்றி முடித்துவிட்டேன். பாட்டுக்கு நடுவே நம் பேச்சும், அம்மா கீழிருந்து கூப்பிடுவதும்கூட அதில் இருக்கின்றன, எதையும் வெட்டவில்லை. வேண்டும் என்பவர்கள் சொல்லுங்கள், அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கீபோர்டுக்காரன்