அச்சடித்த எஞ்சினுக்குள் என்ன இருக்கிறது என்று யார் பார்ப்பது?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் முப்பரிமாண அச்சில் உருவாகும் ராக்கெட் எஞ்சின்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். இஸ்ரோவின் மகேந்திரகிரி சோதனையைப் பற்றித் தமிழில் இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் படத்தைக் கணினியில் ஏற்றிப் பொத்தானை அழுத்தினால் எஞ்சின் வெளியே வந்துவிடும் என்ற தொனியில் ஒரு வரி வருகிறதே, அது மட்டும் இரண்டு நாளாக உறுத்துகிறது. அந்தப் பொத்தானை அழுத்திய பிறகு இயந்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் நான்கு வருடங்களாக என் பிழைப்பு. அதனால் இந்தக் கடிதம். நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் கோவை கணபதிக்காரன். இப்போது ஜெர்மனியில் ஒரு ஆய்வகத்தில் போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டம் முடித்த பிறகும் நிரந்தர வேலை கிடைக்கும்வரை ஒப்பந்தத்தில் ஆராய்ச்சி செய்கிற ஆள். ஊரில் எங்கள் பெரியப்பா பவுண்டரியில் மோல்டராக இருந்தார். மோட்டார் பம்ப்புக்கான வார்ப்பு ஆறியதும் மணலைத் தட்டிவிட்டு, சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டுவார். 'ணங்' என்றால் சரி. 'டொக்' என்றால் உள்ளே விரிசலோ ப்ளோ ஹோலோ (வாயு சிக்கிய ஓட்டை) இருக்கிறது, ஓரமாக வை என்பார். நான் இங்கே செய்வதும் கிட்டத்தட்ட அதேதான். என்ன, அவர் செய்து முடித்த பிறகு தட்டினார், நாங்கள் செய்யும்போதே காது கொடுக்கிறோம்.

இந்த உலோக அச்சு எப்படி நடக்கிறது என்று ஒரு தடவை கிட்டத்தில் காட்டிவிடுகிறேன். மாவைவிட நைசான உலோகத்தூள், ஒவ்வொரு மணியும் 15 முதல் 45 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதை ஒரு தகட்டின் மேல் 40 மைக்ரான் தடிமனுக்கு ஒரு பட்டை வழித்துப் பரப்பும். அதன்மேல் லேசர் கோடு கோடாக ஓடித் தூளை உருக்கும், வேகம் விநாடிக்கு ஒரு மீட்டர் போல. தகடு கொஞ்சம் கீழே இறங்கும், மறுபடி தூள், மறுபடி லேசர். 10 சென்டிமீட்டர் உயரப் பொருளுக்கு 2,500 அடுக்கு. சுற்றிலும் ஆர்கான் வாயு, இல்லாவிட்டால் உலோகம் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். இந்த முறையின் அடிப்படைக் காப்புரிமை 1996-ல் இங்கே ஆகன் நகரத்து ஃபிரவுன்ஹோஃபர் நிறுவனத்திலிருந்து வந்தது.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். அடுக்கு 40 மைக்ரான், கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளி 100 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு கன சென்டிமீட்டர் உலோகத்துக்குள், சர்க்கரைக் கட்டி அளவுக்குள், லேசர் ஓடிய தூரம் 250 மீட்டர். ஒவ்வொரு மீட்டரும் ஒரு குட்டி வெல்டிங். ஒரு கிலோ நிக்கல் கலப்புலோகம் என்றால் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கோவையிலிருந்து அன்னூர் வரைக்கும் தலைமுடி தடிமனில் ஒரே வெல்டிங் போட்டுக்கொண்டு போவதை நினைத்துப் பாருங்கள்.

நீங்கள் எழுதிய இஸ்ரோ எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். பிஎஸ்எல்வி-யின் நான்காம் கட்டத்துக்கான பிஎஸ்4 எஞ்சினை இப்படி அச்சடித்து, 2024 மே 9 அன்று மகேந்திரகிரியில் 665 விநாடி எரித்துச் சோதித்தார்கள். 14 பாகம் ஒன்றாகிவிட்டது, 19 வெல்டிங் மூட்டு இல்லாமல் போனது, 565 கிலோ மூலப்பொருள் தேவைப்பட்ட இடத்தில் 13.7 கிலோ தூள் போதும் என்று இஸ்ரோ சொன்னது. பிரமாதமான காரியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அதே மாதக் கடைசியில் சென்னையின் அக்னிகுல் நிறுவனமும் ஒரே துண்டாக அச்சடித்த எஞ்சினோடு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் விட்டது. ஆனால் அந்த 19 வெல்டிங் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், எக்ஸ்ரே எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்துப் போடலாம். அச்சடித்த எஞ்சினில் 19 போய், கிலோமீட்டர் கணக்கில் வெல்டிங் வந்திருக்கிறது. எதை என்று எக்ஸ்ரே எடுப்பது?

எங்கள் வேலை இங்கேதான் தொடங்குகிறது. லேசர் சக்தி குறைந்தால் தூள் முழுதாக உருகாமல் இடையில் ஓட்டை நிற்கும். கூடினால் உருகிய குட்டையின் நடுவே உலோகம் ஆவியாகி, ஆணி அடித்தது போல ஆழமாக ஒரு குழி விழும். வெல்டிங்காரர்கள் பாஷையில் கீஹோல். குழி நிலையாக நின்றால் பிரச்சினை இல்லை. அது ஆட ஆரம்பித்தால் அடிப்பகுதி கிள்ளப்பட்டு ஒரு குமிழி உள்ளே சிக்கிக்கொள்ளும், அடுத்த கணமே உலோகம் உறைந்துவிடும். குமிழியின் அளவு சில பத்து மைக்ரான்தான். ஆனால் ஆயிரக்கணக்கான முறை அதிர்வு தாங்க வேண்டிய பாகத்தில் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். கீஹோல் எப்படி உருவாகிறது என்பதைத் தெளிவாகக் கண்ணால் பார்க்கவே சிகாகோ பக்கத்தில் ஆர்கான் ஆய்வகத்தின் பிரம்மாண்டமான எக்ஸ்ரே கருவி தேவைப்பட்டது (இந்த ஆர்கான் இடப்பெயர், வாயு இல்லை). 2019-லும் 2020-லும் சயின்ஸ் இதழில் அந்தப் படங்களை வைத்துக் கட்டுரைகள் வந்தன. பிறகு 2023-ல் அதே இதழில், எக்ஸ்ரேயையும் வெப்பக் கேமராவையும் சேர்த்து வைத்து, டைட்டேனியக் கலப்புலோகத்தில் குமிழி விழும் கணத்தை ஒரு மில்லிவிநாடிக்கும் குறைவான நேரத்துல்லியத்தில், ஏறக்குறைய தப்பே இல்லாமல், இயந்திரக் கற்றல் (பழைய பதிவுகளைக் காட்டிக் கணினியைப் பழக்குவது) வழியாகச் சொல்ல முடியும் என்று காட்டினார்கள்.

அப்புறம் என்ன, வேலை முடிந்ததே என்று கேட்பீர்கள். அந்தக் கருவியை யாரும் தொழிற்கூடத்துக்குத் தூக்கிவர முடியாது. எங்களுக்குக் கிடைப்பது ஒளியை அளக்கிற போட்டோடயோடு, கேமரா, மைக்ரோஃபோன் இவ்வளவுதான். போட்டோடயோடு விநாடிக்கு ஒரு லட்சம் முறை வெளிச்சத்தைப் பதிவு செய்யும். வேகக் கேமரா விநாடிக்கு 20,000 படம் எடுத்தால், சின்னச் சதுரப் படமாகவே இருந்தாலும், 20 மணி நேர அச்சுக்கு 20 டெராபைட்டைத் தாண்டிவிடும். எங்கே வைப்பது, யார் பார்ப்பது? சரி, அது பணத்தால் தீருகிற பிரச்சினை. தீராத பிரச்சினை, பார்த்ததற்கு என்ன அர்த்தம் என்பது.

ஒரு கதை சொல்கிறேன். முதல் வருடத்தில் மைக்ரோஃபோன் ஒலியை வைத்து நல்ல துண்டையும் கெட்ட துண்டையும் பிரிக்கிற ஒரு கணினி மாதிரியைப் பழக்கினேன். பிரமாதமாகப் பிரித்தது. சக ஆய்வாளர்களுக்கு டீ வாங்கிக் கொடுக்கிற அளவுக்குச் சந்தோஷம். மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது, அது கேட்டுக்கொண்டிருந்தது லேசரை அல்ல, பக்கத்து அறையில் இருந்த சில்லர் என்ற குளிரூட்டும் இயந்திரத்தை. கெட்ட துண்டுகளை எல்லாம் நான் மதியத்துக்கு மேல் அச்சடித்திருந்தேன், வெயில் ஏறச் சில்லர் ஓடும். மாதிரி சில்லர் சத்தத்தைத்தான் கற்றுக்கொண்டிருந்தது! இதைக் கண்டுபிடித்தது அல்காரிதம் இல்லை, அறையில் நின்றுகொண்டிருந்த டெக்னீஷியன். எங்கள் பெரியப்பா ரகம் அவர், காதுக்காரர்.

இன்னொரு சங்கடமும் உண்டு. நூறாவது அடுக்கில் சென்சார் கூச்சல் போட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், அங்கே குமிழி இருந்தே ஆக வேண்டும் என்று இல்லை. லேசர் ஒவ்வொரு முறையும் கீழே உள்ள இரண்டு மூன்று அடுக்கையும் சேர்த்து உருக்குகிறது, அதனால் விழுந்த ஓட்டை அடுத்த அடுக்கில் தானாக மூடிக்கொண்டிருக்கலாம். உண்மையில் இருக்கிறதா என்று பார்க்கச் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். பெரிய பாகத்தை ஸ்கேன் செய்தால் நுணுக்கம் போய்விடும், 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு புள்ளியே 50 மைக்ரான் ஆகிவிடுகிறது, 20 மைக்ரான் குமிழி எப்படித் தெரியும்? ஆகவே துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, சென்சார் பதிவோடு இடம் பிசகாமல் பொருத்தி (வெட்டியதும் துண்டு லேசாக வளைந்துவேறு போயிருக்கும்) அப்புறம்தான் இந்தச் சத்தத்துக்கு இந்த ஓட்டை என்று ஒரு வரி எழுத முடியும். லேசர் கண்ணாடியில் புகை படிந்திருந்தாலும் பதிவு மாறும், தகட்டின் மூலையில் அச்சடித்தாலும் மாறும், தூளை மறுபடி சலித்துப் பயன்படுத்தினாலும் மாறலாம். ஒரு கலப்புலோகத்துக்கு ஒரு இயந்திரத்தில் இதை ஒழுங்காகச் செய்ய நாலைந்து வருடம் ஆகும் என்பது என் அனுபவம்.

எங்கள் ஒப்பந்தமோ இரண்டு வருடம்.

நான் சேர்ந்த அன்று எனக்கு முன்னால் இருந்தவரின் மேசையைக் கொடுத்தார்கள். இழுப்பறையில் ஆறு ஹார்டு டிஸ்க், ஒரு பிஸ்கட் டப்பா நிறைய வெட்டிய உலோகத் துண்டுகள். டிஸ்க்கில் 'நியூ', 'ஃபைனல்', 'ஃபைனல் 2' என்று கோப்புகள். எந்தத் துண்டு எந்தக் கோப்பு என்று எழுதி வைக்கவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒப்பந்தம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது நீட்டிப்பு இல்லை என்று சொன்னார்களாம், வீடு காலி செய்வாரா, துண்டுக்கு லேபிள் ஒட்டுவாரா? ஒரு மனிதரின் இரண்டு வருட உழைப்பு பிஸ்கட் டப்பாவில் கிடந்தது, நான் மறுபடி முதலிலிருந்து அச்சடித்தேன். ஜெர்மனியில் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது, முனைவர் பட்டத்துக்கு முன் 6 வருடம், பின் 6 வருடம், பொதுவாக அவ்வளவுதான் ஒப்பந்த வேலை. 2021-ல் 'நான்தான் ஹன்னா' என்று ஆய்வாளர்கள் இணையத்தில் பொங்கியது இதை எதிர்த்துத்தான் (ஹன்னா, இந்தச் சட்டத்தை விளக்க அமைச்சகம் போட்ட வீடியோவில் வரும் கற்பனை ஆய்வாளர்).

இதை உங்கள் பத்திரிகைக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், நம் ஊரும் இதே குழியில் விழப் பார்க்கிறது. முப்பரிமாண அச்சுக்கான தேசிய உத்தியை மத்திய அரசு 2022-லேயே வெளியிட்டுவிட்டது, நல்லது. ஆனால் விடுமுறையில் வரும்போது நான் போய்ப் பார்த்த கல்லூரிகளில், பெயர் வேண்டாம், இயந்திரம் இருக்கிறது, திறப்பு விழாப் பெயர்ப்பலகை இருக்கிறது, அதை ஓட்டுபவர் திட்டப் பணியாளர், திட்டம் அடுத்த வருடம் முடிகிறது. சென்சார் பதிவை எங்கே வைக்கிறீர்கள் என்று ஒரு இடத்தில் கேட்டேன், இடம் போதவில்லை என்று அழித்துவிடுகிறோம் சார் என்றார் அந்தப் பையன். தோற்றுப்போன அச்சுகளை? பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்களாம். எனக்கு வயிறு எரிந்தது. கெட்ட துண்டு இல்லாமல் எந்த மாதிரிக்கும் கெட்டது எது என்று சொல்லிக் கொடுக்க முடியாது, அது குப்பை இல்லை ஐயா, பாடப்புத்தகம். அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் அடுக்கடுக்காக எடுத்த படங்களையும் பதிவுகளையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்திருக்கிறது. நானே அதை வைத்துத்தான் பாதி பழகினேன்.

ஆகவே நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. கோடிக்கணக்கில் இயந்திரம் வாங்கும்போது, அதன் விலையில் ஒரு சின்னப் பங்கில், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு நிரந்தர ஆளைப் போடுங்கள். பேராசிரியர் வேண்டாம், போஸ்ட்டாக் முடித்த ஒருவரும், கை பழகிய ஒரு டெக்னீஷியனும் போதும். துண்டுகளை வைக்க ஒரு பீரோ. அடுத்த முறை இப்படி ஒரு எஞ்சினைப் பற்றி எழுதும்போது, எத்தனை கிலோ மிச்சம் என்பதோடு, உள்ளே நன்றாக இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று உங்கள் நிருபர் ஒரு கேள்வியும் கேட்கட்டும். பதில் சொல்லக்கூடியவர் மேடையில் இருக்க மாட்டார், பின்னால் எங்காவது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

கடிதத்தைப் போட்டால் என் பெயரை மட்டும் போட வேண்டாம். நீட்டிப்புக் கடிதம் எனக்கு இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
கோவை கணபதி பகுதியைச் சேர்ந்த வாசகர் ஒருவர்
(தற்போது ஜெர்மனி)