ஆற்று ஆமைகளை மறந்துவிட்டீர்களே!

ஆசிரியருக்கு,

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய கட்டுரையில் கடற்போர் மட்டுமே இருந்தது. மிசிசிப்பி ஆற்றைக் காணோம். பொறியாளர் ஜேம்ஸ் ஈட்ஸ் கட்டிக்கொடுத்த ஏழு இரும்புக்கவசப் பீரங்கிப் படகுகள்தான் அங்கே வடக்குப் படையின் பலம். ஆறடித் தண்ணீரிலேயே ஓடும். ஒவ்வொன்றிலும் 13 பீரங்கிகள். சாய்வான பக்கங்களைப் பார்த்து ‘ஆமை’ என்றே கூப்பிட்டார்கள். ஆனால் அடிப்பக்கம் வெறும் மரம்தான். 1862 டிசம்பர் 12 அன்று மிசிசிப்பியின் கிளையாறான யாஸூவில் கண்ணிவெடி வெடித்து, இந்த ஏழில் ஒன்றான ‘கெய்ரோ’ பன்னிரண்டே நிமிடத்தில் மூழ்கியது. நல்லவேளை, ஒருவரும் சாகவில்லை. 1964இல் அதை மூன்று துண்டாக மேலே தூக்கினார்கள். மாலுமிகளின் சாப்பாட்டுத் தட்டும் காலணியும்கூட சேற்றுக்குள் கெடாமல் கிடந்தன! அந்தப் படகு இப்போது மிசிசிப்பி மாநிலத்தின் விக்ஸ்பர்க் நகரில் நிற்கிறது. அதன் படத்தையாவது அடுத்த வாரம் போடுங்கள்.

– ஒரு வாசகர், திருச்சி